மூன்று பெண்கள், ஒரு தையல் அறை

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



விழாக் குழுவினர் எங்கள் வகுப்பிடம் கேட்டது ஒரு வைத்தியப் பேச்சு. "நாற்பது வயதுக்குப் பிறகு சீனி வருத்தத்தை எப்படித் தவிர்க்கலாம், அதைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார்கள். எங்கள் வகுப்பில் வைத்தியத்துக்குப் போனவர்கள் சிலர் இருக்கின்றோம். ஆசிரியைகளும் கணக்காளர்களும் தையற்கடை நடத்துபவர்களும் இருக்கின்றார்கள். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று சிதறிக் கிடந்தாலும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் தினமும் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றோம். அந்தக் குழுவிலே உருவான உரைதான் இது. பேசும் வாய் ஒரு வைத்தியருடையதாக இருந்தாலும் சொல்லப்படுவது எல்லோருடையதும். ஆகவே "நாங்கள்" என்றே பேசுகின்றோம்.

சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசத்தான் ஆயத்தம் செய்தோம். சோற்றைக் குறையுங்கள், நடவுங்கள் என்று எழுதிக்கொண்டு போனபோது ஒருத்தி கேட்டாள்: "நடக்கச் சொல்லிறம், சரி. நாங்கள் எப்ப ஓடுறதை விட்டனாங்கள்?"

அன்றைக்குக் குழு அமைதியாகிவிட்டது. பிறகு ஒவ்வொருத்தியாகப் பதில் எழுதினோம். ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயது. சாமத்தியப்பட்ட வருடம், அல்லது அதற்கு அடுத்த வருடம். காரணத்தை மட்டும் ஒருத்தியும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். அவளிடம் அனுமதி கேட்டபோது "கதையைச் சொல்லுங்கோ, பேரைச் சொல்லாதேங்கோ" என்றாள். நூறு மீற்றரிலும் இருநூறு மீற்றரிலும் அவளை முந்த ஆளில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று வருடம் எங்கள் இல்லத்துக்குப் புள்ளிகளை அள்ளித் தந்தவள் அவள். ஒன்பதாம் வகுப்பில், 1994 இல், இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலம் அது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரிதாக இருந்த நாள்கள். அந்த நாள்களிலும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இல்லக் கூடாரம் கட்டி, போட்டி வைத்த கல்லூரி இது. அவள் கூடாரத்துக்குள் இருந்து தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டிருந்தாள். காலில் நோ என்று சொன்னாள்.

காலில் ஒரு நோவும் இல்லை. அதற்கு முதல் கிழமை பயிற்சியில் அவள் ஓடும்போது மதிலுக்கு வெளியே நின்ற பெடியன்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மதிலுக்கு உள்ளே நின்ற நாங்களும் சிரித்தோம். அதைத்தான் இன்று இந்த மேடையில் முதலில் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தோம். ஒரு உள்பாவாடைக்கு மேல் இன்னொன்று போட்டு, முதுகுப் பக்கம் ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு வந்தவள் அவள். ஓட்டத்தில் அந்த ஊசி கழன்றது. அவளுடைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. அடுத்த வருடம் ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தது. பிறகு ஓட்டத்தைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

எந்த ஆசிரியையையும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர்களுக்கும் அந்த வயதில் யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் சொல்ல வந்தது வேறு. அவளுக்குத் தேவையாக இருந்த பொருள் நாங்கள் பிறப்பதற்கு முன்னரே உலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களும் பெண்கள்தான்.

வடஅமெரிக்காவில் வேர்மொண்ட் என்று ஒரு சிறிய மாநிலம் உண்டு. அங்கே பேர்லிங்டன் நகரம். 1977 ஆம் ஆண்டின் கோடைகாலம். ஐக்கிய அமெரிக்காவில் மெதுவோட்டம் பரவிக்கொண்டிருந்த நேரம். 1972 இல் வந்த சட்டம் ஒன்று, அரச நிதி பெறும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண் பெண் வேறுபாடு காட்டக் கூடாது என்று விதித்திருந்தது. அதனால் பெண் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக விளையாட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். லீசா லின்டால் என்ற பெண் அந்த நகரில் நாள்தோறும் ஓடுபவர். அவருடைய சகோதரியும் ஓடத் தொடங்கினார். ஒருநாள் தொலைபேசியில் அக்காவும் தங்கையும் தங்கள் தொல்லையைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆண்களுக்கு விளையாட்டுக்கென்று ஒரு உள்ளாடை இருக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை? கேள்வி பகிடியாகத்தான் வந்தது. லீசா அதைப் பகிடியாக விடவில்லை. கடதாசி எடுத்து ஒரு பட்டியல் எழுதினார். தோள்பட்டி வழுகக் கூடாது. தையல் தோலில் உரசக் கூடாது. வியர்வை போக வேண்டும். மார்பு அசையாமல் இருக்க வேண்டும்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கண்டுபிடிப்பு என்றால் ஆய்வுகூடமும் வெள்ளை அங்கியும் வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இந்தக் கண்டுபிடிப்பின் முதற்படி, வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு தொல்லையைக் கடதாசியில் நான்கு வரியாக எழுதியது. எழுதிய பிறகு அது தீர்க்கப்பட வேண்டிய ஒரு கணக்காகிவிட்டது.

லீசாவுக்குத் தைக்கத் தெரியாது. அவருடைய சிறுவயதுத் தோழி பொலி சிமித் நாடக உடை அமைப்பாளர். அந்தக் கோடைகாலத்தில் பேர்லிங்டனில் நடந்த சேக்ஸ்பியர் நாடக விழாவுக்கு உடை தைக்க வந்து லீசாவின் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய உதவியாளர் ஹின்டா. அவரைப் பின்னாளில் ஹின்டா மில்லர் என்று உலகம் அறிந்தது. பொலி ஒன்று தைப்பார். லீசா அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார். ஹின்டா லீசாவுக்கு முன்னால் பின்பக்கமாக ஓடி, எது அசைகிறது, எது நிற்கிறது என்று பார்த்துச் சொல்வார். திரும்பி வந்து பிரித்துத் தைப்பார்கள். பல தடவை சரிவரவில்லை.

ஒருநாள் லீசாவின் கணவர் படியால் இறங்கி வரும்போது ஆண்கள் விளையாட்டுக்குப் போடும் உள்ளாடையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு வேடிக்கை காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே லீசா அதைப் பிடுங்கித் தன்மேல் வைத்துப் பார்த்தார். அடுத்து அப்படி இரண்டை வாங்கிப் பிரித்து, பொலி ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார். இடுப்புப் பட்டி விலா எலும்பின் கீழே வந்தது. மற்றப் பட்டிகள் முதுகில் குறுக்கே போயின. குறுக்கே போன பட்டி தோளிலிருந்து வழுக வழியில்லை. கொழுக்கி இல்லை. தையல் விளிம்பு வெளிப்பக்கம். லீசா ஓடிப் பார்த்தார். வேலை செய்தது.

அதற்கு ஜொக்பிரா என்று பெயர் வைத்து, பிறகு கொஞ்சம் மரியாதையாக ஜோக்பிரா என்று மாற்றினார்கள். முதலாவது சொல் ஆண்களின் அந்த உள்ளாடையைக் குறிப்பது, இரண்டாவது மெதுவோட்டத்தைக் குறிப்பது. 1979 நவெம்பரில் காப்புரிமை கிடைத்தது. அதில் மூன்று பெண்களின் பெயரும் இருக்கின்றது.

இனி, கூட்டுமுயற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடைகளில் கூட்டுமுயற்சி என்றால் கையோடு கை கோர்த்து நிற்கும் படம் காட்டுவார்கள். உண்மை அப்படி இல்லை. பொலி நாடக உடைத் தொழிலைத் தொடர நியூயோர்க்குக்குப் போய்விட்டார். பின்னாளில் மப்பெட் பொம்மைகளுக்கு உடை அமைத்து எமி விருதுகள் பெற்றவர் அவர். நிறுவனத்தை நடத்த லீசாவும் ஹின்டாவும் மிஞ்சினார்கள். இருவருக்கும் வியாபாரம் தெரியாது. ஹின்டாவின் தகப்பனார் கடனாகக் கொடுத்த 5,000 டொலர்தான் முதல். இருவருடைய சுபாவமும் வேறு. அந்தக் கூட்டு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை லீசா தன் நினைவு நூலில் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். ஒத்துப்போகாத இரண்டு பேர், வேலை பெரிது என்பதற்காக ஒன்றாக உழைத்தார்கள். எங்கள் சங்கக் கூட்டங்களில் இருந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். (நிர்வாகக் குழுவினர் கோபிக்க வேண்டாம்.)

அவர்கள் எடுத்த தீர்மானங்களில் மிகப் பெரியது எங்கே விற்பது என்பது. வழமையாக மார்புக்கச்சை விற்கும் இடம் பெரிய கடைகளின் பெண்கள் உள்ளாடைப் பகுதி. அங்கே போகவில்லை. ஓட்டச் சப்பாத்து விற்கும் விளையாட்டுக் கடைகளுக்குப் போனார்கள். அந்தக் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஆண்கள். கடையில் பிராவைத் தொங்கவிடுவதா என்று கூசினார்கள். இது உள்ளாடை இல்லை, விளையாட்டு உபகரணம், சப்பாத்து எப்படியோ அப்படி, என்று இவர்கள் விளங்கப்படுத்தினார்கள். சிறு தொகையாக வாங்கி வைத்தவர்கள் மீண்டும் வாங்கினார்கள். அலங்காரப் பொருளைக் கருவி என்று பெயர் மாற்றியபோது பார்வையும் மாறியது. எங்கள் பார்வையில் துணியை விட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

1990 இல் நிறுவனத்தை பிளேரெக்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார்கள். பிறகு அது சம்பியன் என்ற விளையாட்டு உடுப்புப் பெயரின் கீழ் போயிற்று. 2022 இல் மூவரும் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மதிப்புக்கூடத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் தைத்த அந்த உடுப்பு இன்று நூதனசாலையில் இருக்கின்றது.

சமூகத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஹின்டா வேர்மொண்ட் மாநில செனற்றராகப் பத்து வருடம் இருந்தார். லீசாவின் கதை வைத்தியர்களாகிய எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. சிறுவயதிலிருந்தே அவருக்கு வலிப்பு நோய். வாகனம் ஓட்டவும் தனியே இருக்கவும் யோசிக்க வேண்டிய ஒருவருக்கு, ஓட்டம்தான் தன் உடல் தன்னுடையது என்ற உணர்வைக் கொடுத்தது. பிற்காலத்தில் வலிப்பு நோயுள்ளவர்களுக்காக உழைத்தார். லெஸ்லி பெல் என்ற உடலியக்கச் சிகிச்சையாளருடன் சேர்ந்து இன்னொரு கச்சையையும் உருவாக்கினார். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் பின் சிலருக்கு நிணநீர் தேங்கி நெஞ்சும் கையும் வீங்கும். அந்த வீக்கத்தை மெல்ல அழுத்திக் கட்டுப்படுத்தும் கச்சை அது. ஓடும் பெண்ணுக்குச் செய்த கைவேலை, நோயிலிருந்து எழும் பெண்ணுக்கும் உதவியது. அறிவு இப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகின்றது.

இப்போது கொஞ்சம் வைத்தியம். பிள்ளைகள் நிலத்தைப் பார்க்க வேண்டாம். மண்டபத்தின் பின்பக்கம் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் தம்பியும் காதைப் பொத்தத் தேவையில்லை. உங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பார்கள்.

மார்பகத்துக்குள் தசை இல்லை. அதைத் தாங்குவது தோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்ப் பட்டிகளுமே. 1840 இல் அவற்றை விவரித்த அஸ்ற்லி கூப்பர் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் அவற்றை இன்றும் அழைக்கின்றோம். ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகின்றது. அந்த அசைவை வரைந்தால் எட்டுப் போன்ற வடிவம் வரும். தாங்கல் இல்லாதபோது நோவும் வரும். 2012 லண்டன் மரதனில் ஓடிய பெண்களிடம் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமக்கு மார்பு நோ உண்டு என்றார்கள். போட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக் குழு இருக்கின்றது. அவர்கள் 11 முதல் 18 வயது வரையான 2,000 இற்கும் மேற்பட்ட பிரித்தானிய மாணவிகளிடம் கேட்டார்கள். தங்கள் மார்பினால் விளையாட்டில் பங்குபற்றுவது ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கப்படுகின்றது என்று 46 சதவீதமானோர் சொன்னார்கள். இதைப் பற்றி அறிய விரும்புகின்றோம் என்று சொன்னவர்கள் 87 சதவீதம். அந்த நாட்டிலேயே நிலைமை இது. எங்கள் பிள்ளைகளிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை.

பெண்கள் நீண்ட தூரம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று ஒரு காலத்தில் சொன்னவர்களில் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். களைத்துப் போனார்கள் என்று சொல்லி அதை நிறுத்தி, 1960 இல்தான் மீண்டும் வைத்தார்கள். பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் வந்தது 1984 இல். ஓடிக் களைப்பது ஆண்களுக்கு வீரம், பெண்களுக்கு நோய் என்று கருதிய காலம் அது.

இதற்கும் சீனி வருத்தத்துக்கும் என்ன தொடர்பு? 11 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் போதிய அளவு உடலை அசைக்காதவர்கள், 2016 இன் கணிப்பின்படி, உலகளவில் ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனம் அந்த வயதினருக்குச் சொல்வது நாளொன்றுக்கு 60 நிமிடம். எலும்பு உறுதியின் பெரும்பகுதியை உடல் சேமிப்பதும் அந்த வயதில்தான். பதின்மூன்று வயதில் மைதானத்தை விட்டு வெளியேறிய பிள்ளை, நாற்பத்தைந்து வயதில் எங்கள் கிளினிக் வாங்கில் வந்து அமர்கின்றாள். சீனி, பிரஷர், முழங்கால் நோ. நாங்கள் "நடவுங்கோ அம்மா" என்கின்றோம். அவளுக்கு அசைவதற்கே கூச்சம். முப்பது வருடமாகப் பழகிய கூச்சம் அது. மருந்துச் சிட்டையில் எழுதி மாற்ற முடியாது.

இந்தக் கதை எங்கள் வாசலுக்கு வரும் இடம் ஒன்று உண்டு. ஜோக்பிராவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எங்கே தைக்கப்படுகின்றன? உலகின் பெரிய விளையாட்டு உடுப்புப் பெயர்கள் பலவற்றுக்குத் தைத்துக் கொடுக்கும் நாடுகளில் எங்கள் இலங்கையும் ஒன்று. 1987 இல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய மாஸ் நிறுவனம் உள்ளாடையிலிருந்து விளையாட்டு உடுப்புக்கு வளர்ந்தது. போர் முடிந்த பிறகு கிளிநொச்சியில் வானவில், விடியல் என்ற தமிழ்ப் பெயர்களுடன் அந்த நிறுவனம் தொழிற்சாலைகளைத் திறந்தது. விடியல் அதன் விளையாட்டு உடுப்புப் பிரிவைச் சேர்ந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்களாக உள்ள அந்த நிறுவனம், அவர்களின் முன்னேற்றத்துக்காக 2003 இல் ஒரு நிகழ்ச்சித்திட்டத்தைத் தொடங்கி நடத்தி வருகின்றது. 2019 உலகக் கிண்ணத்துக்கு எங்கள் கிரிக்கெட் அணி அணிந்த மேற்சட்டை, கரையில் கடற்படையினர் சேர்த்த பிளாஸ்ரிக் கழிவிலிருந்து நூல் எடுத்து அந்த நிறுவனம் செய்தது. குப்பையில் வீசும் போத்தல் உடுப்பாக மாறும் என்று எங்கள் அம்மாமாரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

ஆடைத் தொழிற்சாலை வேலை இலேசானது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எந்தத் தொழிற்சாலையானாலும், நேரக் கணக்கும் இலக்குக் கணக்கும் உள்ள வேலை அது. முதுகு நோவோடும் கண் எரிவோடும் வரும் தங்கைமாரை எங்கள் தொழிலில் காண்கின்றோம். ஒரு நிறுவனத்தின் சமூகப் பணியை அளப்பதற்கு விழா மேடை சரியான இடமும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நியாயமான சம்பளம் கிடைக்கின்றதா, சுகவீன விடுமுறை கேட்கத் துணிவிருக்கின்றதா, படித்து அடுத்த படிக்குப் போக வழியிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. ஒரு விளையாட்டுக் கச்சை பல துண்டுகளாக வெட்டப்பட்டு, பல கைகளைக் கடந்து முழுமையாகின்றது. ஒருத்தி பட்டியைப் பிடிக்க, ஒருத்தி விளிம்பைத் தைக்க, ஒருத்தி பிழை பார்க்கின்றாள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பெண் நிம்மதியாக ஓடுவதற்கு, எங்கள் நாட்டுப் பெண்ணின் விரல் காரணமாக இருக்கின்றது.

அந்த விரலின் தங்கைச்சி, எங்கள் கல்லூரி மைதானத்தில், இன்றைக்கும் ஊசி குத்திக்கொண்டு ஓடுகின்றாள். எப்படித் தெரியும் என்கின்றீர்களா? கேட்டோம். போன மாதம் உடற்கல்வி ஆசிரியையின் உதவியுடன் பிள்ளைகள் சிலரிடம் பேசினோம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள், "இரண்டு பெனியன் போடுவம் மிஸ், வெக்கையாய் இருக்கும்." இன்னொருத்தி, "எனக்கு விளையாட விருப்பமில்லை எண்டு வீட்டை சொல்லிப்போட்டன்" என்றாள். முப்பது வருடத்தில் கணினி அறை வந்தது, மூன்று மாடிக் கட்டடம் வந்தது, நூறு வயது வந்தது. கூடாரத்துக்குள் தேசிக்காய்த் தண்ணி கரைக்கும் பிள்ளை மட்டும் மாறவில்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் வலைக்குக் கீழே நின்று பந்து போட, 2018 இல் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. உயரம் கூடியவள் என்று பார்ப்பவர்களின் கண்ணுக்குக் கூனாமல் நிமிர்ந்து நின்ற பிள்ளை அவர். கூனாமல் நிற்க முடிந்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் வழி திறக்கும்.

ஆகவே, நூற்றாண்டு நிதியைப் பற்றி எங்கள் வகுப்பின் முன்மொழிவு இது. புதிய புள்ளிப் பலகை வேண்டும் என்று சிலர் சொல்கின்றார்கள். வரட்டும். அதற்கு முன் மூன்று காரியம்.

முதலாவது, மைதானத்துக்குப் பக்கத்தில் உடுப்பு மாற்ற ஓர் அறை. உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், கண்ணாடி, ஒரு மூடியுள்ள குப்பைத் தொட்டி. இவ்வளவும் போதும். கிரானைற் வேண்டாம். திறப்பு விழாக் கல்லும் வேண்டாம்.

இரண்டாவது, விளையாட்டறை அலுமாரியில் பல அளவுகளில் விளையாட்டுக் கச்சைகள். மட்டையும் பந்தும் இருக்கும் அதே அலுமாரியில், உபகரணமாக. தேவையான பிள்ளை எடுத்துக்கொள்ளலாம். பெயர் எழுதும் கொப்பி வேண்டாம். ஒருத்திக்குக் கொடுத்தது அவளுக்கே. விலை கூடிய பெயர் தேவையில்லை. எங்கள் வகுப்பில் தையற்கடை நடத்துபவளும், ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவளும் இருக்கின்றார்கள். மனையியல் கற்கும் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்ற ஒன்றை அவர்கள் சேர்ந்து தைத்துப் பார்க்கட்டும். ஒருத்தி தைக்கட்டும், ஒருத்தி ஓடட்டும், ஒருத்தி முன்னால் பின்பக்கமாக ஓடிப் பார்க்கட்டும். முதலில் வலைப்பந்தாட்ட அணியுடன் ஒரு தவணை செய்து பார்ப்போம். பிழை வந்தால் பிரித்துத் தைப்போம்.

மூன்றாவது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாமாருக்கும் வருடத்துக்கு ஒருநாள், ஒரு மணித்தியாலம். பேசுவதற்கு வைத்தியர்கள் நாங்கள் வருகின்றோம், முறை வைத்து. எப்படித் தெரிவு செய்வது என்று காட்டுவோம். விலாவைச் சுற்றும் பட்டி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் இரண்டு விரல் போக வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்துப் பார்க்க வேண்டும். போட்டுக்கொண்டு துள்ளிப் பார்க்க வேண்டும். தோளில் தடம் பதிந்தால் சரியில்லை. இழுவை போனால் மாற்ற வேண்டும். இவ்வளவுதான் பாடம். எங்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

வெளிநாட்டுக் கிளைகளில் உள்ள அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பெட்டி அனுப்புவீர்கள் என்று தெரியும். பழைய உடுப்பை அனுப்ப வேண்டாம். உங்கள் அறிவை அனுப்புங்கள். உங்களில் சிலர் பெரிய நிறுவனங்களில் கொள்வனவுப் பகுதியில் இருக்கின்றீர்கள். சிலர் உடலியக்கச் சிகிச்சையாளர்கள். சிலர் வார இறுதியில் பத்துக் கிலோமீற்றர் ஓடுகின்றீர்கள். அந்தப் படத்தை முகநூலில் மட்டும் போடாமல் இந்தப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

முடிக்குமுன் ஒரு செய்தி. கூடாரத்துக்குள் இருந்த எங்கள் தோழி இப்போது வெளிநாட்டில் இருக்கின்றாள். இரண்டு பிள்ளைகள். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கின்றது என்று அவளுடைய வைத்தியர் சொன்னபோது எங்களுக்கு அழைத்தாள். மாத்திரை தொடங்கட்டோ என்று கேட்டாள். உன் வைத்தியர் சொன்னபடி செய், அதோடு நடக்கத் தொடங்கு என்றோம். கடைக்குப் போய் அளந்து சரியான கச்சை ஒன்று வாங்கச் சொன்னதும் நாங்கள்தான். வெட்கப்பட்டாள். பெறாமகள் கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "பார்க்கிலை ஒருதரும் இல்லை எண்டு பாத்துப்போட்டு ஒரு துண்டு ஓடினனான். பிறகு ஆக்கள் வந்தினம். நான் நிக்கேல்லை."

அந்தக் குரலை எத்தனை தரம் கேட்டோம் என்று கணக்கில்லை. 1994 இல் மதிலுக்கு உள்ளே நின்று சிரித்தவர்கள் அதைக் கேட்டு அழுதோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் எப்பவோ மறந்திட்டன்" என்றாள். மறக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

அவளுக்கு நாங்கள் பட்ட கடனை அவளிடம் அடைக்க முடியாது. முன்வரிசையில் இருக்கும் இந்தப் பிள்ளைகளிடம் அடைக்கலாம். அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய்த் தண்ணியைப் பழைய மாணவிகள் நாங்கள் கரைக்கின்றோம். பிள்ளைகளே, நீங்கள் கோட்டில் போய் நில்லுங்கள்.